என் பெயரில் நான்கு போன்கள்

ஜனவரி 16, வியாழன்

வீட்டு ஏஜென்சியிலிருந்து மின்னஞ்சல் வந்திருக்கிறது. என் விண்ணப்பத்தை ஏற்க முடியவில்லையாம். கடன் தகுதிச் சோதனைக்குப் பிறகு எடுத்த முடிவாம். வேறு விளக்கம் இல்லை.

நான் யாரிடமும் கடன் வாங்கியதில்லை. கிரெடிட் கார்ட் கூட இல்லை. விமானங்களுக்குச் சாப்பாடு பொதி செய்யும் லண்டன் தொழிற்சாலையில் பதினைந்து வருடமாக வேலை, சம்பளம் ஒழுங்காக வங்கிக்கு வருகிறது. பிறகு எதில் தகுதி இல்லை?

நான் கேட்டது மருந்துக்கடைக்கு மேலே ஒற்றை அறை. சமைக்கச் சின்னக் குசினி. யன்னலைத் திறந்தால் பஸ் தரிப்பிடம். அந்த யன்னலுக்குப் பச்சைத் திரையா, வெள்ளையா என்பது வரை யோசித்துவிட்டேன். போகட்டும். பஸ் சத்தம் அங்கே அதிகம்தான்.

இனி எல்லாவற்றையும் எழுதி வைக்கப்போகிறேன். அண்ணாவின் இந்த வீட்டில் நான் சொன்னதைப் பிறகு நானே சொல்லவில்லை என்று ஆக்கிவிடுவார்கள்.

ஜனவரி 18, சனி

இன்று இடைவேளையில் ஹேமா என் போனில் ஏதோ ஒரு செயலியை இறக்கி, கிரெடிட் விவரம் முழுவதையும் எடுத்துக் காட்டினாள். ஹேமா தூத்துக்குடிக்காரி. என்னோடு ஒரே மேசையில் தட்டுகளுக்கு மூடி போடுகிறவள்.

"அக்கா, உங்க பேர்ல நாலு போன் காண்ட்ராக்ட் ஓடுது. தெரியுமா?"

தெரியும். அதாவது, கையெழுத்துப் போட்டது தெரியும். அண்ணாவுக்கு ஒன்று, அவர் மனைவி, என் மச்சாளுக்கு ஒன்று, அவர்கள் மகன் பிரவீனுக்கு ஒன்று, அண்ணாவின் பலசரக்குக் கடைக்கு ஒன்று. ஒவ்வொரு முறையும் அண்ணா தாளைச் சாப்பாட்டு மேசையில் வைத்து, "தயா, இதில ஒருக்கா வை" என்பார். நான் கையைத் துடைத்துக்கொண்டு வந்து வைப்பேன். பணம் கடைக் கணக்கிலிருந்து போகும் என்றபடியால் அதற்குமேல் நான் எதையும் பார்த்ததில்லை.

ஒக்ரோபரிலும் நவம்பரிலும் நான்கு வரிகளிலும் சிவப்பு. காசு கட்டப்படவில்லை.

"மாசக் கணக்குல கட்டாம விட்டா இப்படித்தான்க்கா. போன் பில்லுன்னு லேசா நினைக்கிறோம். இந்த ஊர்ல அதுவும் கடன்தான்" என்றாள் ஹேமா. பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, உங்க சொந்த நம்பர் எங்க? இதுல காணோமே?" என்று கேட்டாள்.

என்னுடையது முன்கூட்டியே காசு போட்டுப் பேசுகிற சிம். அது எந்தப் பட்டியலிலும் வராது.

ஜனவரி 19, ஞாயிறு

மத்தியானம் ஆட்டிறைச்சிக் கறி வைத்தேன். அண்ணா இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்ட பிறகுதான் வாயைத் திறந்தேன். பசியோடு இருக்கும்போது அவரிடம் எதுவும் கேட்கக்கூடாது.

"அண்ணா, ஒக்ரோபரில போன் காசு கட்டேல்லையோ?"

"ஆர் சொன்னது?"

"என்ர கிரெடிட்டில சிவப்பாக் கிடக்கு."

"கடை அக்கவுண்டில காசு இறங்கிப் போச்சு. பிறகு கட்டியாச்சுத்தானே. இப்ப என்ன அதுக்கு?"

"எனக்கு வீடு தர மாட்டினமாம்."

மூன்று பேரும் சாப்பிடுவதை நிறுத்தினார்கள். வீடு பார்க்கும் விஷயத்தை நான் அதுவரை யாரிடமும் சொல்லியிருக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கே நினைவு வந்தது.

"என்ன வீடு?"

"ஒரு அறை எடுத்துக்கொண்டு போவமெண்டு."

"ஏன்? இஞ்ச உனக்கு என்ன குறை?"

"குறை ஒண்டுமில்லை. என்ர அறை குளிர்."

"ஹீற்றர் வாங்கித் தாறன்" என்றார் அண்ணா. பேச்சு முடிந்தது என்பதுபோல எலும்பை எடுத்தார். பிரவீன் சிரித்தான். மச்சாள் சிரிக்கவில்லை. கேட்காமலே என் தட்டில் கறி போட்டார். இந்த வீட்டில் எனக்கு யாரும் போட்டுத் தந்து பல காலம்.

ஜனவரி 23, வியாழன்

வேலை முடிந்ததும் நூலகத்தின் மூலையில் உட்கார்ந்து போன் கம்பனிக்கு அழைப்பு எடுத்தேன். நெடுநேரம் பாட்டுப் போட்டார்கள். பிறகு ஒரு பெண் வந்தாள். டெனீஸ் என்று பெயர். ஆங்கிலத்தில் ஸ்கொட்லாந்து இழுவை. பிறந்த திகதி, விலாசம் எல்லாம் கேட்டு முடித்துவிட்டு, "இந்த நான்கு இலக்கங்களின் கணக்கு உரிமையாளர் நீங்கள். இவற்றைப் பற்றி முடிவெடுக்க உங்களுக்கு மட்டும்தான் உரிமை உண்டு. வேறு யார் எடுத்தாலும் நாங்கள் பேச மாட்டோம்" என்றாள்.

கேட்கவில்லை என்று சொல்லி மறுபடியும் சொல்ல வைத்தேன். நன்றாகவே கேட்டிருந்தது.

அவள் சொன்னது இது. மூன்று ஒப்பந்தங்களின் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. அவை மாதத்துக்கு மாதம் தன்பாட்டில் ஓடுகின்றன. முப்பது நாள் அறிவித்தல் கொடுத்தால் நின்றுவிடும். பிரவீனுடையதற்கு மட்டும் இன்னும் காலம் இருக்கிறது. இடையில் நிறுத்துவதென்றால் மிச்சத்தை ஒரேயடியாகக் கட்ட வேண்டும். கட்டாமல் விட்டால் இப்போதுள்ள சிவப்பைவிடப் பெரிய கறை விழும்.

"எல்லாவற்றையும் நிறுத்தினால் பழைய சிவப்பு போய்விடுமா?"

"போகாது. ஆறு வருடம் இருக்கும். அதோடு, பழைய கணக்குகளை மூடினால் உங்கள் கிரெடிட் ஸ்கோர் முதலில் இன்னும் கொஞ்சம் இறங்கவும் கூடும். யோசித்துச் சொல்லுங்கள்."

"நிறுத்தாமல் விட்டால்?"

"அடுத்த முறை யார் கட்டாமல் விட்டாலும் அது உங்கள் பெயரில்தான் விழும்."

"அப்படியென்றால் இறங்கட்டும்" என்றேன். "நான்கையும் நிறுத்துங்கள்."

பிரவீனின் மிச்சத்தை என் சேமிப்பிலிருந்து அப்போதே கட்டினேன். வீட்டு முற்பணத்துக்கென்று வைத்திருந்தது. வெளியே வந்து ஒரு தேத்தண்ணி வாங்கிக் குடித்தேன். கடையில் தேத்தண்ணி வாங்கிக் குடிப்பது எனக்குப் பழக்கமில்லை.

ஜனவரி 24, வெள்ளி

நம்பரைக் கைவிடாமல் வேறு கம்பனிக்குப் போவதற்கு ஒவ்வொரு நம்பருக்கும் ஒரு கோட், அதாவது ஒரு குறியீடு, தந்தார்கள். நான்கையும் தனித்தனித் துண்டுகளில் எழுதி, அவரவர் பெயரும் போட்டு, குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினேன். கீழே எழுதினேன்: பெப்ரவரி 22க்குள்.

முதலில் பார்த்தவன் பிரவீன். "மாமி, இது என்ன பகிடியோ?"

"பகிடி இல்லை. அந்தத் திகதிக்குப் பிறகு போன் வேலை செய்யாது. இந்தக் கோட்டைக் குடுத்தால் அதே நம்பரை வேற கம்பனியில வைச்சிருக்கலாம்."

"அப்பாட்டைக் கேட்டனீங்களோ?"

"அப்பாட பேரில இல்லையே, கேக்கிறதுக்கு."

அண்ணா வந்து நான்கு துண்டுகளையும் வாசித்தார். சாப்பிட்டு, கை கழுவி, துடைத்துவிட்டுத்தான் சொன்னார்: "நாளைக்கு எடுத்து வேண்டாமெண்டு சொல்லு."

"ஏலாது அண்ணா."

அவரிடம் அந்தச் சொல்லை நான் இதற்கு முன் சொன்னதாக நினைவில்லை. சொல்லிப் பார்த்தேன். சொல்ல வந்தது.

ஜனவரி 26, ஞாயிறு

இன்று மேலதிக நேர வேலை. கோழி இல்லாத சாப்பாட்டுப் பெட்டிகளில் கோழி போய்விட்டது என்று மேற்பார்வையாளர் கத்தினார். எங்கள் மேசை இல்லை.

ஹேமாவுக்கு ஒரு யோசனை. "அக்கா, அந்தக் கையெழுத்து நான் போடலன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. ஏமாத்திட்டாங்கன்னு எடுத்துப்பாங்க. சிவப்பெல்லாம் அழிச்சுடுவாங்க. என் மாமா பையனுக்கு அப்படித்தான் பண்ணாங்க."

"நான் போட்டனான், ஹேமா."

"அது யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும். போட்ட கையெழுத்தை நான் போடேல்லை எண்டால், நிப்பாட்டச் சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கு?"

ஹேமா அடுத்த தட்டை எடுத்து மூடி போட்டாள். "உங்க கூடப் பேசி ஜெயிக்க முடியாதுக்கா" என்றாள். வாழ்க்கையில் என்னை யாரும் அப்படிச் சொன்னதில்லை.

நான் போட்டனான் என்று சொன்னதற்குக் காரணம், போலீஸ் அண்ணாவைத் தேடி வரும் என்ற நினைப்பு இல்லை. அதையும் நினைத்தேன்தான்.

ஜனவரி 30, வியாழன்

அண்ணா என்னோடு பேசுவதில்லை. புட்டு அவித்தேன். சாப்பிட்டார்.

பெப்ரவரி 2, ஞாயிறு

அண்ணா ஒரு ஹீற்றர் வாங்கி வந்து என் அறையில் வைத்திருக்கிறார். சின்னது இல்லை, நல்லது. கதவடியில் நின்று, "இனிக் குளிராது" என்றார். குரல் தணிந்திருந்தது. நான் லண்டன் வந்த முதல் நாள் விமான நிலையத்தில் தன் குளிர்க் கோட்டைக் கழற்றி என் தோளில் போட்ட ஆள் இவர்தான். அதை நான் மறக்கவில்லை.

இப்போது அறை கதகதவென்று இருக்கிறது. காலுறை கூடப் போடவில்லை.

ஆனாலும் போகத்தான் போகிறேன்.

பெப்ரவரி 5, புதன்

இன்று மாலை அண்ணா தானே கம்பனிக்கு எடுத்தார். சோபாவில் உட்கார்ந்து, ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, நானும் கேட்கட்டும் என்பதுபோலச் சத்தமாகப் பேசினார். தன் பெயரைச் சொன்னார், கடையைச் சொன்னார், எத்தனை வருட வாடிக்கையாளர் என்று சொன்னார். எதிர்ப்பக்கத்து ஆள் மரியாதையாகச் சொன்னார்: "மன்னிக்கவும் சேர், இந்தக் கணக்கில் உங்கள் பெயர் இல்லை."

அண்ணாவின் காதுமடல் சிவந்துவிட்டது. போனை என் பக்கம் நீட்டினார்.

"சொல்லு. வேண்டாமெண்டு சொல்லு."

நான் வெண்டிக்காய் வெட்டிக்கொண்டிருந்தேன். கையைத் துடைத்துக்கொண்டு போனேன். பிறந்த திகதி கேட்டார்கள், சொன்னேன். "நிறுத்தச் சொன்ன அறிவித்தலைத் திரும்பப் பெற விரும்புகிறீர்களா, மேடம்?"

அண்ணா என் முகத்தையே பார்த்தார். மச்சாள் படியில் நின்றார். பிரவீன் கூடத் தலை நிமிர்ந்தான்.

"இல்லை" என்றேன். "விரும்பவில்லை."

"நிச்சயமாகத்தானே, மேடம்?"

"நிச்சயமாக. நான்கும் நிற்கட்டும். நன்றி."

போனை அவர் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு வெண்டிக்காய்க்குத் திரும்பினேன். முதுகுக்குப் பின்னால் கதவு அறையும் சத்தம் கேட்டது. வெண்டிக்காயை வழக்கத்தைவிடப் பொடியாக வெட்டிவிட்டேன். கறி களியாகிவிட்டது.

பெப்ரவரி 9, ஞாயிறு

பிரவீன் தன் துண்டை எடுத்துவிட்டான். பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் உள்ள கோப்பிக் கடையில் வேலை செய்கிறானே, அந்தச் சம்பளத்தைக் காட்டித் தன் பெயரில் ஒப்பந்தம் எடுத்திருக்கிறான்.

"மாமி, என்ர ஸ்கோர் உங்களை விடக் கூட" என்று போனைக் காட்டினான்.

"நல்லது. ஆருக்கும் கையெழுத்து வைச்சுக் குடாத."

சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான். "அப்பாவுக்கு ஏலாது, தெரியுந்தானே?"

"என்ன ஏலாது?"

"அவற்ற பேரில ஒரு கம்பனியும் குடுக்காது. முந்தின கடை முறிஞ்சபோது எல்லாம் போயிற்று. அதாலதான் உங்கட பேர்."

தெரியும் என்றேன்.

தெரியாது. நல்ல சம்பளச் சீட்டு இருக்கிறது, அதனால் என் பெயரைக் கேட்கிறார் என்று இவ்வளவு நாளும் கொஞ்சம் பெருமையாகக் கூட நினைத்திருந்தேன்.

சாயந்தரம் அண்ணாவிடம் போய்ச் சொன்னேன். "காசு போட்டுக் கதைக்கிற சிம்முக்குக் கிரெடிட் ஒண்டும் பாக்க மாட்டினம். இந்தக் கோட்டைக் குடுத்தால் இதே நம்பரை அதில போடலாம். நான் கூட வாறன்."

"காசு போட்டுக் கதைக்கிற சிம்மோ? நான் ஒரு கடை முதலாளி."

"நான் இத்தனை வருசம் அதிலதான் கதைக்கிறன்."

"நீயும் நானும் ஒண்டோ?" என்று கேட்டார்.

குசினிக்குப் போய் இராச் சாப்பாட்டுக்கு வெங்காயம் உரித்தேன்.

பெப்ரவரி 13, வியாழன்

வீடு பார்த்தேன். ஏஜென்சி இல்லை. தொழிற்சாலை அறிவித்தல் பலகையில் கையால் எழுதிய ஒரு தாள் இருந்தது. மிஸ்ஸிஸ் பெக்ஃபோர்ட், ஜமேக்காவிலிருந்து வந்தவர், முந்தி லண்டன் பஸ் ஓட்டியவர். கீழே அவர் இருக்கிறார். மேலே ஒரு அறை, குளியலறை, அடுப்பு வைக்க ஒரு மூலை.

கேட்பதற்கு முன்னாலேயே என் கிரெடிட் விவரத்தைப் போனில் எடுத்து அவர் முன் வைத்தேன். ஸ்கோர் இப்போது இன்னும் இறங்கியிருக்கிறது. "இது மோசம்" என்றேன் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில். "நான் பாவிக்காத போன்கள். கையெழுத்து என்னுடையது. எல்லாவற்றையும் நிறுத்திவிட்டேன். இந்தச் சிவப்பு ஆறு வருடம் இருக்கும். பின்னால் தெரியவருவதைவிட இப்போதே பாருங்கள்."

அவர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். விரலால் மேலும் கீழும் தள்ளினார். "வாடகை எப்போதாவது பிந்தியிருக்கிறதா?"

"இதுவரை வாடகைக்கு இருந்ததில்லை. அண்ணா வீட்டில் இருக்கிறேன்."

"வீட்டுக்குக் காசு கொடுப்பாயா?"

"பாதிச் சம்பளம். அதோடு சமையல்."

"ஹ்ம்" என்றார். அவ்வளவுதான். பிறகு, "நிறையச் சமைப்பாயா? வாசனை மேலேயிருந்து கீழே வரும்" என்று கேட்டார்.

"எனக்கு மட்டும்தான் சமைப்பேன்" என்றேன்.

சொன்ன பிறகு கொஞ்சம் திகைப்பாக இருந்தது. ஒரு ஆளுக்கு எவ்வளவு அரிசி போடுவது என்று எனக்குத் தெரியாது.

மார்ச் முதலாம் திகதி வரச் சொன்னார். ஒரு மாத வாடகை முன்பணம். அது என்னிடம் இருக்கிறது.

பெப்ரவரி 15, சனி

நான் குசினியில் நின்றபோது மச்சாள் வந்து பின்கதவைச் சாத்தினார். அவர் பெயர் பரமேஸ்வரி. இந்த வீட்டில் யாரும் அந்தப் பெயரைச் சொல்லுவதில்லை. பிரவீனுக்கு அம்மா, அண்ணாவுக்கு இஞ்சேர், எனக்கு மச்சாள். அவ்வளவுதான்.

"தயா, இந்தத் துண்டைக் குடுத்தால் எனக்கு என்ர பேரில எடுக்கலாமோ?"

அவர் கையில் அவருடைய கோட். எப்போது எடுத்தார் என்று தெரியவில்லை.

"எடுக்கலாம் மச்சாள். உங்கட பாஸ்போர்ட்டும் வங்கிக் காட்டும் போதும்."

"வங்கிக் காட் இருக்கு. பிரவீனுக்காக அரசாங்கப் பிள்ளைக் காசு வந்த காலத்தில திறந்த கணக்கு." கொஞ்சம் தயங்கினார். "அவருக்குத் தெரிஞ்சால் ஏசுவார்."

"ஏசட்டும். ஏச்சு ஒருத்தற்ற பேரிலயும் பதியாது."

பகல் பஸ்ஸில் இருவரும் போன் கடைக்குப் போனோம். கடைப்பெண் பெயரைக் கேட்டாள். மச்சாள் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். அவள் தவறாக அடித்தாள். மச்சாள் நிறுத்தி, "நோ நோ, ஏ-க்குப் பிறகு ஆர்" என்று திருத்தினார். இரண்டாம் முறையும் திருத்தினார். கணினி கொஞ்ச நேரம் சுற்றிக்கொண்டிருந்தது. மச்சாள் என் கையைப் பிடித்திருந்தார்.

சம்மதம் கிடைத்தது. சின்னத் திட்டம்தான், போன் இல்லாமல் சிம் மட்டும். ஆனால் ஒப்பந்தம் அவர் பெயரில்.

திரும்பும்போது ஒரு சொக்கலேற் வாங்கி, பஸ்ஸின் மேல்தட்டில் முன் இருக்கையில் உட்கார்ந்து பாதி பாதி தின்றோம். "நீர் போனால் இனி ஆர் சமைக்கிறது எண்டு நேற்று முழுக்க யோசிச்சனான்" என்றார். "பிறகு நினைச்சன், அதை ஏன் நான் யோசிக்கிறன்?" சொல்லிவிட்டு அப்படிச் சிரித்தார். அவர் சிரித்தால் கன்னத்தில் குழி விழும் என்பது இன்றுதான் தெரிந்தது.

பெப்ரவரி 20, வியாழன்

வேலை விட்டு வெளியே வரும்போது அண்ணா தொழிற்சாலை வாசலில் காரை நிறுத்திவிட்டு நின்றார். மழை. குடை இல்லை. ஹேமா கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டாள், போகவில்லை.

"சனிக்கிழமையோட கடை நம்பர் போயிரும்" என்றார். "போர்ட்டில அந்த நம்பர். பையில அந்த நம்பர். சனத்துக்கு மனப்பாடம்."

"இந்தாங்கோ." குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்துக் கைப்பையில் வைத்திருந்த இரண்டு கோட்டையும் கொடுத்தேன். ஒன்று அவருடையது, ஒன்று கடையுடையது. "இண்டைக்கே போடலாம். இப்பவே போவம்."

வாங்கினார். பார்க்காமலே கிழித்தார். துண்டுகள் ஈரத்தில் ஒட்டிக்கொண்டன.

"எனக்குக் கோட் வேண்டாம். நீ அதைப் பழையபடி ஆக்கித் தா. உன்னை ஆர் கூப்பிட்டது இஞ்ச? ஆர் ரிக்கற் போட்டது? ஆர் விசா எடுத்தது?"

"நீங்கள்தான். அதுக்கு நான் நன்றி இல்லாமல் இருக்கேல்லை. ஆனால் அதுக்காக என்ர பேர் உங்கட பேராகாது."

"எல்லாம் உன்ர நல்லதுக்குத்தானே செய்தனான்! உனக்கு வந்த சம்பந்தத்தைக் கூட நான்தானே வேண்டாமெண்டு விட்டனான், அவன் சரிவர மாட்டான் எண்டு."

மழை பெய்துகொண்டேயிருந்தது.

"எந்தச் சம்பந்தம்?" என்றேன்.

அண்ணா காரின் சாவியைப் பார்த்தார்.

"அண்ணா, எந்தச் சம்பந்தம்?"

"அது பழைய கதை. விடு."

காரில் ஏறிப் போய்விட்டார். ஹேமா வந்து குடையை என் தலைக்கு மேல் பிடித்தாள். நான் நனைந்து முடிந்திருந்தேன்.

பெப்ரவரி 21, வெள்ளி

இரண்டு மூட்டை உடுப்புத் தோய்த்தேன். கறிச்சட்டிகள் எல்லாவற்றையும் இரும்புத் தும்பு போட்டுத் தேய்த்தேன், தேய்க்கத் தேவையில்லாதவற்றையும்.

அண்ணா கிழித்த கோட்டை மறுபடியும் எழுதிக் கொடுக்கப் போவதில்லை.

பெப்ரவரி 22, சனி

இடைவேளையில் கடை நம்பருக்கு எடுத்துப் பார்த்தேன். அந்த இலக்கம் பாவனையில் இல்லை என்று ஒரு பெண்குரல் சொல்லியது. சரியாக நின்றுவிட்டதா என்று உறுதிப்படுத்தத்தான் எடுத்தேன்.

பிறகு இன்னொரு முறையும் எடுத்தேன். பிறகு அண்ணாவின் நம்பருக்கு.

பெப்ரவரி 26, புதன்

போர்ட்டில் உள்ள நம்பருக்கு மேல் பழுப்பு ரேப் ஒட்டியிருக்கிறாராம். பிரவீன் சொன்னான். "சனம் வந்துதான் வாங்குதுகள் மாமி, போனில ஆர் மீன் வாங்கிறது?"

அண்ணா கடையிலேயே சாப்பிட்டுவிட்டு வருகிறார். மச்சாளிடம் அந்தச் சம்பந்தத்தைப் பற்றிக் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு, "எனக்கும் நேற்றுத்தான் தெரியும். ஆர் எண்டு கேட்டனான், அவர் சொல்லேல்லை" என்றார். நம்புகிறேன். அவர் பொய் சொன்னால் சத்தமாகச் சொல்வார்.

மார்ச் 1, சனி

வந்துவிட்டேன். இரண்டு சூட்கேஸ், ஒரு பெட்டி. பிரவீன் ஏற்றி வந்தான். மச்சாள் மிளகாய்த்தூளும் பொரிக்க ஒரு புதுத் தாச்சியும் தந்தார். ஹீற்றரையும் காரில் வைத்திருந்தார். அதைத் திருப்பி அனுப்பினேன். மிஸ்ஸிஸ் பெக்ஃபோர்ட் வீடு வெக்கை.

அண்ணா வரவில்லை.

ஒரு பேணி அரிசி போட்டேன். கூடிவிட்டது. மிச்சத்தை நாளைக்குத் தாளிக்கலாம்.

மார்ச் 8, சனி

கிரெடிட் விவரம் வைத்திருக்கும் நிறுவனத்துக்கு நாமே ஒரு விளக்கம் எழுதி அனுப்பலாமாம். இனி அந்த விவரத்தைப் பார்க்கும் எவரும் அதையும் வாசிக்க வேண்டுமாம். டெனீஸ்தான் சொன்னாள். கடைசிப் பில் சரியா என்று கேட்க எடுத்தபோது அதிர்ஷ்டவசமாக அவளே கிடைத்தாள்.

இருநூறு சொல் வரை எழுதலாம். தமிழில் எழுதிப் பார்த்துவிட்டுப் பிறகு ஹேமாவை வைத்து ஆங்கிலத்தில் மாற்றினேன்.

"இந்த நான்கு ஒப்பந்தங்களிலும் உள்ள கையெழுத்து என்னுடையது. தொலைபேசிகளை நான் பாவிக்கவில்லை. பணம் கட்டப்படவில்லை என்று தெரிந்ததும் நானே எல்லாவற்றையும் நிறுத்தி, மிச்சம் இருந்ததைக் கட்டி முடித்தேன். நான் யாரையும் குறை சொல்லவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. இனி என் பெயரில் நான் பாவிப்பது மட்டுமே இருக்கும். தயாளினி குணரத்தினம்."

"மன்னிப்பும் கேட்கலன்னு எழுதணுமாக்கா? பேங்க்காரன் கோவிச்சுக்குவான்" என்றாள் ஹேமா.

"எழுது" என்றேன். எழுதினாள்.

இருநூறு சொல் தேவைப்படவில்லை.

மார்ச் 16, ஞாயிறு

வெள்ளைத் திரை தைத்துப் போட்டேன். மத்தியானம் தெரியாத நம்பர் ஒன்று அடித்தது. விளம்பரக்காரர் என்று நினைத்து எடுக்கவில்லை. திரும்ப அடித்தது.

"நான்தான்" என்றார் அண்ணா.

"ம்."

"சாப்பிட்டியோ?"

"இனித்தான்."

"மச்சாள் ஆட்டிறைச்சி வைச்சவ. உப்பு." பின்னால் மச்சாள் ஏதோ சொல்வதும், அண்ணா போனை மூடிக்கொண்டு பதில் சொல்வதும் கேட்டது. "அடுத்த ஞாயிறு வாவன்."

"வாறன். சமைக்க இல்லை, சாப்பிட வாறன்."

"ஓம் ஓம். சாப்பிடத்தான்."

"அதுக்கு முன்னம் அந்தச் சம்பந்தத்தைச் சொல்லுங்கோ. இப்பவே."

போன் வெட்டுப்பட்டுவிட்டது என்று நினைத்தேன். பிறகு சொன்னார். நோர்வேயில் இருந்த ஆள். மூன்று தரம் வீட்டுக்குப் போன் எடுத்திருக்கிறார். மூன்று தரமும் அண்ணாதான் பேசியிருக்கிறார். எனக்கு விருப்பமில்லை என்று நான் சொன்னதாகச் சொல்லியிருக்கிறார். அந்த வருடம்தான் முந்தின கடை முறிந்தது. என் சம்பளம் இல்லாமல் வீட்டுக்கடன் கட்டியிருக்க முடியாது.

"பேர் என்ன?"

பெயரைச் சொன்னார். அதை இங்கே எழுதப் போவதில்லை.

"அது பிழைதான், தயா" என்றார்.

"ஓம். பிழைதான்." பரவாயில்லை என்று அவர் எதிர்பார்த்திருப்பார். நான் சொல்லவில்லை. அடுப்பில் சோறு பொங்கி மூடியைத் தள்ளியது. எழுந்து போய் அணைத்துவிட்டு வந்தேன். அவர் இன்னும் போனில் இருந்தார்.

"இது புது நம்பர். பதிஞ்சு வை" என்றார்.

"ஆற்ற பேரில?"

"என்ன?"

"இந்த நம்பர் ஆற்ற பேரில எடுத்தனீங்கள்?"

"காசு போட்டுக் கதைக்கிறதுதான்" என்றார் அண்ணா. தொண்டையைச் செருமினார். "என்ர பேரில."